அம்புக்கும் கணக்கு உண்டு

அரசுப் பணியில் புதிதாகச் சேரும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். தேர்வாணையத்தின் பட்டியலில் உங்கள் பதிவெண்ணைக் கண்ட நாளில் வீட்டில் விளக்கேற்றியிருப்பார்கள். ஊர்க் கோயிலில் அர்ச்சனை நடந்திருக்கும். சிலருடைய தந்தை அன்றுதான் தெருவில் நிமிர்ந்து நடந்திருப்பார். அந்த மகிழ்ச்சியில் நானும் பங்கு கொள்கிறேன். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். அந்த உரிமையில் உங்களுக்கு எழுதுகிறேன்.

பவானிசாகரிலும் சென்னை கிரீன்வேஸ் சாலையிலும் உங்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். அலுவலக நடைமுறை, கணக்கு விதிகள், கோப்பில் குறிப்பு எழுதும் முறை, யாருக்கு எந்தப் படிநிலையில் அனுப்ப வேண்டும் என்பது எல்லாம் கற்றுக்கொள்வீர்கள். தவறான உத்தரவு ஒன்று மேலிருந்து வந்தால் என்ன செய்வது என்று என் காலத்தில் எந்த வகுப்பிலும் எவரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கேள்வி வரும் நாளில் உங்கள் அருகில் பயிற்றுநர் இருக்கமாட்டார். தொலைபேசி ஒலிக்கும். மறுமுனையில் அதிகாரக் குரல் ஒன்று இருக்கும். மேசையில் ஒரு தாள் இருக்கும்.

நம் அலுவலகங்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் சமாதானம் ஒன்று உண்டு: எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? விசாரணைக் கமிஷன் முன்னால் நின்ற பெரிய அதிகாரிகளும் இதைத்தான் வேறு வேறு சொற்களில் சொன்னார்கள். பேருந்து நிலையக் கடையை அகற்றப் போன கடைநிலை ஊழியரும் இதைத்தான் சொல்கிறார். அம்புக்குக் கண் கிடையாது, காது கிடையாது, வேண்டாம் என்று சொல்லும் வாய் கிடையாது. உங்களுக்கு மூன்றும் இருக்கின்றன. அரசாங்கம் உங்களைத் தேர்வு வைத்து எடுத்ததே அவற்றுக்காகத்தான்.

1975 ஜூன் 25 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் கையெழுத்திட்டார். அமைச்சரவை அதுவரை கூடவே இல்லை. மறுநாள் காலை 6 மணிக்கு அமைச்சர்களை அழைத்துச் செய்தியைச் சொன்னார்கள். ஸ்வரண் சிங் ஒருவர் மட்டும் ஏதோ கேட்டார், அவ்வளவுதான், ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குள் வேலை பாதி முடிந்திருந்தது. டெல்லி பகதூர் ஷா ஜாஃபர் சாலையில் இருந்த நாளிதழ் அலுவலகங்களுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. எழுத்தில் உத்தரவு ஏதும் இல்லை, வாய்மொழிதான். யாரோ ஒருவர் துணைமின்நிலையத்தில் நெம்புகோலை இறக்கினார். வேறு மின்விநியோக எல்லைக்குள் இருந்த சில பத்திரிகைகள் மறுநாள் காலை வெளிவந்தன. நாட்டின் தலைநகரில் எந்தச் செய்தி வர வேண்டும் என்பதை அன்று ஒரு மின்வாரிய ஊழியரின் கை தீர்மானித்தது.

அடுத்த 21 மாதங்களில் மிசா (விசாரணை இல்லாமல் ஒருவரை அடைத்து வைக்க வழி செய்த சட்டம்), இந்தியப் பாதுகாப்பு விதிகள் இரண்டிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். 1977இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.சி. ஷா ஆணையம் இதை ஆராய்ந்தது. பிரதமர் இந்திரா காந்தி ஒரு மிசா ஆணையிலும் கையெழுத்துப் போடவில்லை. போட்டவர்கள் மாவட்ட நடுவர்களும் (மாஜிஸ்திரேட்டுகள்) கூடுதல் மாவட்ட நடுவர்களும். நாளை உங்களில் சிலர் உட்காரப்போகும் நாற்காலிகள் அவை.

அவற்றில் ஒரு கையெழுத்தை அருகில் போய்ப் பாருங்கள். 1975 செப்டம்பர் 25 அன்று டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துக்கொண்டிருந்தார்கள். பிரதமரின் இளைய மருமகள் அங்கே மாணவி. வகுப்புக்குப் போக வேண்டாம் என்று மாணவர் சங்கத் தலைவர் தேவி பிரசாத் திரிபாதி அவரிடம் சொன்னார். சற்று நேரத்தில் சாதாரண உடையில் போலீசார் காரில் வந்து இறங்கினார்கள். திரிபாதி என்று நினைத்துப் பிரபீர் புர்காயஸ்தா என்ற வேறொரு மாணவரை இழுத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆளைப் பிடித்த பிறகுதான் மிசா ஆணை தயாரானது. கையெழுத்திட வேண்டிய கூடுதல் மாவட்ட நடுவருக்குத் தயக்கம் இருந்தது; தயங்கியதாக அவரே பின்னர் ஆணையத்தில் சொன்னார். மேலிருந்து அழுத்தம் வந்தது. கையெழுத்து விழுந்தது. நாட்டின் பாதுகாப்புக்குப் பங்கம் விளைவிக்கக்கூடியவர் என்று, தவறுதலாகப் பிடிபட்ட அந்த இளைஞர் ஏறத்தாழ ஓராண்டு சிறையில் இருந்தார்.

அந்த அதிகாரி கொடியவர் என்று நான் எண்ணவில்லை. என் மனத்தை உறுத்துவது அதுதான். கொடியவர்களை வைத்து ஒரு கெட்ட அரசாங்கத்தை நடத்த முடியாது. நாட்டில் அத்தனை கொடியவர்கள் கிடைக்கமாட்டார்கள். தயங்கியபடியே கையெழுத்துப் போடும் நல்லவர்களை வைத்துத்தான் அது நடக்கிறது. தயக்கம் மனத்துக்குள் இருக்கும், தாளில் இருக்காது. சிறையில் இருப்பவனுக்குத் தாள்தான் கணக்கு.

குடிமக்கள் ஏன் அடங்கிப்போகிறார்கள் என்று மேடைகளில் கேட்கிறார்கள். பயம் என்று தாங்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். பயம் உண்மைதான், ஆனால் அது முழு விடை ஆகாது. நெருக்கடி நிலையின் முதல் மாதங்களில் பலருக்கு அது பிடித்திருந்தது. விலைவாசி தணிந்தது. ரயில் நேரத்துக்கு வந்தது. இன்றைக்கும் நம் ஊரில் எண்பதைத் தாண்டிய பெரியவர்களைக் கேளுங்கள்: "அப்போது பத்து மணிக்கு ஆபீசர் நாற்காலியில் இருப்பார்" என்று மனதாரச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மிசாவில் போயிருந்தால் அவர் ஏதாவது செய்திருப்பார் என்று நினைத்துக்கொள்வது எளிது. தன் வாசலுக்கு வராத வரை எந்த அடக்குமுறையும் ஒழுங்காகத்தான் தெரியும்.

வடக்கே அது வாசலுக்கு வந்தது. 1976-77இல் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. உத்தரப் பிரதேசத்தில் பள்ளி ஆசிரியர்களுக்கும் இலக்கு வைத்தார்கள். ஆள் கொண்டுவராத ஆசிரியருக்குச் சம்பளம் நிறுத்தப்பட்டது. பாடம் சொல்லித் தந்த பிள்ளைகளின் தகப்பன்மாரை முகாமுக்கு அழைத்துப்போகும் தரகர்களாக அவர்கள் மாற்றப்பட்டார்கள். ஹரியானாவில் உத்தாவர் என்ற கிராமத்தைப் பொழுது விடியும் முன் போலீஸ் சூழ்ந்துகொண்டு, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லோரும் வெளியே வர வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தது. 1977 தேர்தலில் வட இந்தியா காங்கிரசைத் துடைத்து எறிந்தது அதனால்தான்.

தமிழ்நாடு அதே தேர்தலில் என்ன செய்தது? 39 இடங்களில் 34ஐ அ.தி.மு.க.–காங்கிரஸ் அணிக்குக் கொடுத்தது. இத்தனைக்கும் 1976 ஜனவரி 31 அன்று மாநில அரசைக் கலைத்திருந்தார்கள். பிப்ரவரித் தொடக்கத்தில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகளை அடித்து நொறுக்கியிருந்தார்கள். முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு அந்தச் சிறைவாசத்தின்போதே நோயுற்று இறந்திருந்தார். நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் பின்னர் அந்த அடிகளை உறுதி செய்தது. அடித்தவர்களில் சிறைக் காவலர்களோடு தண்டனைக் கைதிகளும் இருந்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். யாருக்கு வாக்களிப்பது என்பது மக்களின் உரிமை. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன, நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சிறைச் சுவருக்கு வெளியே பஸ் ஓடியது, சினிமா ஓடியது, நாம் அலுவலகத்தில் கோப்பு எழுதிக்கொண்டிருந்தோம் என்பதும் உண்மை.

குடிமகன் அடங்கிப்போவதற்கு இன்னொரு காரணம் உண்டு, அது நம்மைப் பற்றியது. ஒரு சாதாரண மனிதன் அரசாங்கத்தைப் பார்ப்பது கோட்டையில் அல்ல. கிராம நிர்வாக அலுவலரிடத்தில், காவல் நிலைய எழுத்தரிடத்தில், ரேஷன் கடை விற்பனையாளரிடத்தில்தான் பார்க்கிறான். சான்றிதழ்களுக்கு, பட்டாவுக்கு, பிள்ளையின் உதவித்தொகைக்கு நம்மிடம் வர வேண்டும். படித்த, சம்பளம் வாங்கும், சட்டம் தெரிந்த அதிகாரியே வாயைத் திறக்கவில்லை என்றால், நாளைக்குத் திரும்பவும் அதே வாசலில் வந்து நிற்க வேண்டிய அவன் எப்படித் திறப்பான்? நாம் பணிவதைப் பார்த்துத்தான் அவன் பணிகிறான். இந்த வரியை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

"நான் செய்யாவிட்டால் இன்னொருவர் செய்வார்" என்பீர்கள். செய்வார்தான். 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள், மிசா கைதி நீதிமன்றத்தை நாட முடியுமா என்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். அதற்கு முன் ஒன்பது உயர் நீதிமன்றங்கள் நாடலாம் என்று சொல்லியிருந்தன. விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா, அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் கேட்டார்: சொந்தப் பகையால் ஒரு போலீஸ் அதிகாரி ஒருவரைக் கொன்றுவிட்டால் அதற்கு நிவாரணம் உண்டா? நெருக்கடி நிலை நீடிக்கும் வரை இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அவருடைய மறுப்பால் அன்று ஒரு கைதியும் வெளியே வரவில்லை. 1977 ஜனவரியில் அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதிப் பதவி அவருக்கு இளையவரான எம்.எச். பெக்குக்குப் போனது. கன்னா விலகினார். 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தப் பழைய பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. அதற்கு 41 ஆண்டுகள் ஆயின, கன்னா அப்போது உயிரோடு இல்லை. நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்று இதைக் கதையாகச் சொல்ல என்னால் முடியாது. இழப்பு வரும் என்று தெரிந்தே அவர் எழுதினார். இன்னொருவர் செய்வாரா மாட்டாரா என்பது அவர் கேள்வியாக இருக்கவில்லை. தன் பெயருக்குக் கீழே என்ன இருக்க வேண்டும் என்பதே அவர் கேள்வி.

உச்ச நீதிமன்ற நீதிபதியோடு நம்மை எப்படி ஒப்பிடுவது என்றால், மாவட்ட அளவிலேயே ஒருவரைச் சொல்கிறேன். எம்.ஜி. தேவசகாயம், தமிழர், அன்று சண்டிகர் மாவட்ட நடுவர். கைது செய்யப்பட்ட எதிர்க்கட்சி இயக்கத்தின் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணை (ஜே.பி.) அங்குள்ள மருத்துவமனையில்தான் காவலில் வைத்திருந்தார்கள். தேவசகாயம் காவலுக்குப் பொறுப்பாளர். உத்தரவை மீறிக் கதவைத் திறந்துவிடவில்லை. ஆனால் அந்த முதியவரை மனிதராக நடத்தினார், உடல்நிலை சரிவதை மேலே சொல்லிக்கொண்டே இருந்தார், விடுதலைக்காக முயன்றார் என்று அவரே பின்னர் விரிவாக எழுதியிருக்கிறார். 1975 நவம்பரில் ஜே.பி. சிறுநீரகம் செயலிழந்த நிலையில் விடுவிக்கப்பட்டார். நாற்காலியில் இருந்துகொண்டே செய்யக்கூடியவை இவை.

பழைய கதை போதும் என்று தோன்றலாம். சரி, நம் காலத்துக்கு வருகிறேன், அதுவும் ஒரே மாவட்டத்துக்கு.

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு; 13 உயிர்கள் போயின. சுடுவதற்கு உத்தரவிட்டவர்களாக முதல் தகவல் அறிக்கைகளில் இடம்பெற்றவர்கள் யார் என்று தெரியுமா? நிர்வாக நடுவர் அதிகாரம் பெற்ற தனித் துணை வட்டாட்சியர்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், அன்றைய ஆட்சியர், காவல் அதிகாரிகள் ஆகியோரோடு மூன்று தனித் துணை வட்டாட்சியர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. குரூப் இரண்டு எழுதி, பதவி உயர்வுக்குக் காத்திருந்து, வீடு கட்டக் கடன் வாங்கிய நம்மைப் போன்றவர்கள் வகிக்கும் பதவி அது. கூட்டம் எங்கே, அபாயம் எவ்வளவு என்பதைத் தன் கண்ணால் பார்த்து முடிவெடுப்பதற்காகத்தான் சட்டம் அங்கே காவல் துறைக்கு வெளியே இருந்து ஒரு நடுவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

2020 ஜூன் 19, அதே மாவட்டத்தின் சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இரவு முழுவதும் அடித்தார்கள். மறுநாள் அரசு மருத்துவமனை. சிறைக்கு அனுப்பலாம் என்று ஒரு சான்று. பிறகு நடுவர், நீதிமன்றக் காவலுக்கு ஓர் ஆணை. பிறகு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தாண்டிக் கோவில்பட்டி கிளைச் சிறை. பதிவேட்டில் ஒரு வரி. ரத்தத்தில் நனைந்து நனைந்து லுங்கி மாற்ற வேண்டியிருந்த இரண்டு மனிதர்கள் இத்தனை மேசைகளைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஜூன் 22 இரவு மகன் இறந்தார், 23 விடியலில் தந்தை. இவற்றில் ஒரு மேசையில், ஒரே ஒருவர் தலையை நிமிர்த்தி "இவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டுப் பேனாவைக் கீழே வைத்திருந்தால் போதும்.

கேட்டவர் ஒருவர் உண்டு, பின்னர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய கோவில்பட்டி நீதித்துறை நடுவர் அந்த நிலையத்துக்குப் போனபோது காவலர்கள் அவரை அவமதித்தார்கள். கண்காணிப்புக் கேமராவில் அந்த இரவின் பதிவு இல்லை. அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் விடிய விடிய அடி நடந்ததையும், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்ததையும் சொன்னார். சொல்லிவிட்டுக் கையெழுத்திட அஞ்சினார். வெளியே நின்றவர்கள் அவருடன் வேலை பார்ப்பவர்கள், நாளைக்கும் அவர்களோடுதான் வேலை. அஞ்சிக்கொண்டே கையெழுத்திட்டார். இந்த வழக்கைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்தக் கையெழுத்துதான் என் நினைவுக்கு வருகிறது. பயம் இல்லாதவர்கள்தான் நேர்மையாக இருக்க முடியும் என்றால் அரசுப் பணியில் நேர்மையே இருக்காது.

அந்த நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுக்கும்படி உயர் நீதிமன்றம் ஆட்சியருக்கு உத்தரவிட்டது, தடயம் அழியாமல் காக்க. நம் துறையின் மீது நீதிமன்றம் வைத்த அந்த நம்பிக்கையை நீங்கள் மறக்கக் கூடாது.

பதவி விலகுங்கள், சிறைக்குப் போங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் சம்பளத்தை நம்பி வீட்டில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். இடமாற்றம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதும் தெரியும். நான் கேட்பது சட்டம் ஏற்கெனவே உங்களுக்குக் கொடுத்திருப்பதைத்தான். மேலதிகாரியின் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழியாக வந்தால் எழுத்தில் உறுதி கேட்க வேண்டும் என்று ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கான 1968ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணி நடத்தை விதிகளே சொல்கின்றன. 2013இல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் வாய்மொழி உத்தரவில் இயங்காதீர்கள், பதிவு செய்யுங்கள் என்றது. "ஐயா, எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கெட்ட உத்தரவுகள் பலவும் எழுத்தில் வரத் துணியாது. மேலிருந்தவர் சொன்னார் என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 14ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 76) காப்பாற்றுவது சட்டப்படி கட்டுப்பட்டவரையும், உண்மை நிலையைத் தவறாக நம்பி நல்லெண்ணத்தோடு நடந்தவரையுந்தான். உத்தரவு சட்டவிரோதம் என்று தெரிந்தே செய்தவருக்கு அங்கே இடமில்லை.

பார்க்காத ஆளைப் பார்த்ததாக எழுதாதீர்கள். போகாத இடத்துக்குப் போனதாகச் சான்று தராதீர்கள். முன்தேதியிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்; ஆணையங்களின் அறிக்கைகளில் அதிகாரிகள் பலர் சிக்கியது இந்த மூன்றில்தான். மாற்றுக் கருத்து இருந்தால் கோப்பில் இரண்டு வரி எழுதுங்கள். அதை மீறி மேலே உத்தரவு போடட்டும், அவர் கையெழுத்தில் போடட்டும். குண்டர் சட்டக் கோப்பு உங்கள் வழியாகப் போனால், ஓர் ஆண்டு வரை ஒருவரை விசாரணை இல்லாமல் அடைக்கப்போகும் தாள் அது என்ற நினைப்போடு ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். உயர் நீதிமன்றம் பின்னால் ரத்து செய்துகொள்ளும் என்று விடாதீர்கள்; அது ரத்தாவதற்குள் மாதங்கள் போய்விடும்.

இன்னும் ஒன்று. ஷா ஆணைய அறிக்கை பல ஆண்டுகள் புழக்கத்திலேயே இல்லாமல் போயிருந்தது. நம் தமிழ்நாட்டின் நாடாளுமன்றவாதி இரா. செழியன் தன்னிடம் இருந்த படியை வைத்து 2010இல் அதை மறுபடி அச்சுக்குக் கொண்டுவந்தார், தன் எண்பதுகளின் இறுதியில். அந்த முதியவர் அத்தனை பாடுபட்டது உங்களைப் போன்றவர்கள் படிப்பதற்காகத்தான். ஷா, இஸ்மாயில், அருணா ஜெகதீசன் ஆணையங்களின் அறிக்கைகளையும், சாத்தான்குளம் வழக்கில் உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளையும் பாடத்திட்டத்தில் சேர்க்கும்படி பயிற்சி மையத்தின் முதல்வரிடம் மனுக் கொடுங்கள். வகுப்பில் இருக்கும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். தேதியிட்டு, ஒப்புகை பெற்று, நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஒருவர்